வீட்டோடு ஊரும் வரும்: ஜப்பானின் பூட்டிய வீடுகளும் புதுக் குடிகளும்

ஜப்பானில் ஆள் குடியில்லாத வீடுகள் 90 லட்சம். அந்நாட்டு அரசு ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வீட்டுக் கணக்கெடுப்பில் 2023-ஆம் ஆண்டு தெரியவந்த எண் இது. மொத்த வீடுகளில் 13.8 விழுக்காடு. வாடகைக்கு ஆள் தேடுபவை, விற்பனைக்கு இருப்பவை, விடுமுறைக்கு மட்டும் திறப்பவை எல்லாவற்றையும் கழித்தாலும், ஒரு பயனுமின்றிப் பூட்டிக் கிடப்பவை ஏறக்குறைய 38.5 லட்சம். வக்கயாமா, தோக்குஷிமா மாகாணங்களில் ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு காலி. இத்தகைய வீட்டுக்கு ஜப்பானில் 'அகியா' என்று பெயர். சில ஆண்டுகளாக அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா, தென்கிழக்கு ஆசியா என்று பல பக்கங்களிலிருந்தும் அகியா வாங்க ஆட்கள் வருகிறார்கள். பத்து லட்சம் யென்னுக்கு, அதாவது சுமார் ஆறு லட்சம் ரூபாய்க்கு, மலையடிவாரத்தில் தோட்டத்தோடு ஒரு மரவீடு கிடைக்கிறது என்றால் யாருக்கும் ஆசை வரும்.

அந்த விலையில் சேராத ஒன்றும் வீட்டோடு கைமாறுகிறது. வாய்க்காலைத் தூர்வாருவது, பாதையோரப் புல்லை வெட்டுவது, கோயில் திருவிழாவில் தோள் கொடுப்பது, சாவு வீட்டில் நிற்பது என்று அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு உரிய பங்கு அது. வெளிநாட்டிலிருந்து வருபவருக்குச் சட்டத்தைவிட, கூரையைவிட, இந்தப் பங்குதான் பெரிய கேள்வி.

வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன

ஜப்பானின் மக்கள்தொகை 2008-இல் 12.8 கோடியைத் தொட்டு, அதன்பின் இறங்கத் தொடங்கியது. கிராமங்களில் இறக்கம் அதற்கும் வெகு முன்பே, 1950-களின் இறுதியில் தொடங்கிவிட்டது. இளைஞர்கள் தோக்கியோ, ஒசாக்கா, நகோயா பக்கம் வேலைக்குப் போனார்கள். பெற்றோர் ஊரிலேயே முதுமையடைந்தார்கள். அவர்கள் மறைந்ததும் வீடு நகரத்துப் பிள்ளைகளின் பெயருக்கு வந்தது. பல குடும்பங்களில் பெயர்கூட மாறாமல் தாத்தா பெயரிலேயே கிடக்கிறது.

அப்படியானால் விற்றுவிடலாமே என்று தோன்றும். விற்காததற்கு வலுவான காரணங்கள் உண்டு. ஜப்பானிய வரிக்கணக்கில் மரவீட்டின் ஆயுள் 22 ஆண்டு. சந்தையிலும் இருபது, முப்பது ஆண்டு கடந்த வீட்டுக்கு மதிப்பு ஏறக்குறைய பூஜ்யம். நிலத்துக்கு மட்டுமே விலை. அதே நேரத்தில், வீடு நிற்கும் நிலத்துக்குச் சொத்துவரியில் பெரிய சலுகை உண்டு: முதல் 200 சதுர மீட்டருக்கு மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்குத்தான் வரி. வீட்டை இடித்தால் இடிக்கும் கூலியும் போய், வரியும் ஏறும். ஆகவே இடிந்துவிழும் நிலையிலும் வீட்டை அப்படியே விடுவதுதான் வாரிசுக்கு லாபம் என்று ஆகிவிட்டது. இதை மாற்றவே 2014-இல் காலி வீடுகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2023-இல் அது இறுக்கப்பட்டு, ஆபத்தான நிலையை எட்டும் முன்பே, பராமரிப்பு இல்லாத வீட்டின் வரிச்சலுகையை நீக்கும் வழி நகராட்சிகளுக்குக் கிடைத்தது. 2024 ஏப்ரல் முதல் வாரிசுப் பெயர் மாற்றத்தை மூன்றாண்டுக்குள் பதிவு செய்வது கட்டாயம். தவறினால் ஒரு லட்சம் யென் வரை அபராதம்.

பணம் சாராத காரணமும் உண்டு. முன்னோரை வணங்கும் புத்த மாடம் உள்ளறையில் இருக்கிறது. அம்மாவின் துணிமணிகள் அலமாரியில் இருக்கின்றன. ஆகஸ்டு நடுவில் வரும் ஓபோன் நாட்களில், முன்னோர் வீடு திரும்புவதாக நம்பி, பிள்ளைகள் அந்தக் கதவைத் திறந்து விளக்கேற்றுகிறார்கள். இப்படிப்பட்ட வீட்டை முன்பின் தெரியாதவருக்குக் கொடுக்க மனம் வராததில் வியப்பில்லை. வாங்க வருபவர் முதலில் உணர வேண்டியது இதைத்தான்: பூட்டியிருக்கும் வீடு கைவிடப்பட்ட வீடாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

யார் வாங்கலாம், யார் தங்கலாம்

வெளிநாட்டவர் நிலமும் வீடும் முழு உரிமையோடு வாங்க ஜப்பான் அனுமதிக்கிறது. குடியுரிமை வேண்டாம், வசிப்பிட அனுமதியும் வேண்டாம். ஆசியாவில் இவ்வளவு திறந்த கதவு அரிது. ராணுவத் தளங்கள், எல்லைத் தீவுகள் ஆகியவற்றின் சுற்றுப்புற நிலங்களைக் கண்காணிக்கும் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டவர் நிலம் வாங்குவதை மேலும் கட்டுப்படுத்த வேண்டும் என்ற அரசியல் விவாதம் 2025-இல் சூடுபிடித்தது.

ஆனால் வீட்டுப் பத்திரம் விசா ஆகாது. சொந்த வீடு இருந்தாலும் சுற்றுலா விசாவில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 90 நாள்தான் தங்கலாம். நிலையாக வாழ வேலை, திருமணம், படிப்பு, தொழில் என்று தனி வழி ஒன்று வேண்டும். பழைய வீட்டை வாங்கி விருந்தினர் விடுதியாக்கி, தொழில் நடத்துவோருக்கான விசாவில் தங்குவது பலருடைய திட்டமாக இருந்தது. அதற்கு வேண்டிய முதலீடு 50 லட்சம் யென்னாக இருந்தவரை அது சாத்தியப்பட்டது. 2025 அக்டோபரில் அந்த வரம்பு 3 கோடி யென்னாக உயர்ந்து, முழுநேர ஊழியர் ஒருவரும் கட்டாயம் ஆனதோடு, சிறு விடுதிக் கனவு பெரும்பாலோருக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. இது தெரியாமல் முதலில் வீட்டை வாங்கிவிட்டு, பிறகு விசாவுக்கு அலைவது மிகவும் வருந்தத்தக்க நிலை. வரிசை எப்போதும் விசா முதலில், வீடு பிறகு என்றே இருக்க வேண்டும்.

இந்தியாவில் வசிப்பவர் வாங்க நினைத்தால் இங்குள்ள விதிகளையும் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணவனுப்பு ஏற்பாட்டில் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். சொத்து வாங்குவதும் அதில் அடங்கும். ஆண்டில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 விழுக்காடு வரியை முன்கூட்டியே பிடிக்கும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்யலாம். வெளிநாட்டுச் சொத்தை ஆண்டுதோறும் வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் அபராதம் விழலாம். வீட்டின் விலையையே மிஞ்சக்கூடிய அபராதம் இது.

பத்திரத்தில் மறைந்திருப்பவை

காலி வீடுகளின் பட்டியலை நகராட்சிகளே வைத்திருக்கின்றன. அகியா வங்கி என்று அதற்குப் பெயர். நிரந்தரமாகக் குடியேறுபவருக்கே, குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கே முன்னுரிமை என்று பல ஊர்கள் நிபந்தனை வைக்கின்றன. அந்த நிபந்தனை நியாயமானது. ஊருக்குத் தேவை மனிதர்கள்.

செலவுக் கணக்கு வீட்டின் விலையோடு நிற்பதில்லை. மலிவான வீடுகளில் தரகர்கள் அக்கறை காட்டாததால், 2024 ஜூலையில் அரசு தரகுக் கட்டண வரம்பை உயர்த்தியது: 80 லட்சம் யென்னோ அதற்குக் குறைவோ விலையுள்ள வீட்டுக்கு வரியோடு 3 லட்சத்து 30 ஆயிரம் யென் வரை தரகர் கேட்கலாம். பதிவு வரி, சொத்துக் கைமாற்ற வரி, பதிவு ஆவணங்களைத் தயாரிக்கும் சட்ட எழுத்தரின் கட்டணம் எல்லாம் தனி. பழைய வீட்டைச் செப்பனிடும் செலவு பெரும்பாலும் வாங்கிய விலையைப்போலப் பல மடங்கு.

பழைய கிராமத்து வீட்டோடு ஒரு துண்டு வயலும் சேர்ந்தே வரும். பதிவேட்டில் விவசாய நிலம் என்று இருந்தால், உள்ளூர் வேளாண் குழு அனுமதிக்காமல் அது கைமாறாது. பெரும்பாலான இடங்களில் குறைந்தது அரை ஹெக்டேர் பயிரிட வேண்டும் என்ற பழைய விதி 2023 ஏப்ரலில் நீங்கியது. உண்மையாகவே பயிர் செய்வாரா என்ற கேள்வி மட்டும் நீங்கவில்லை. அடுத்தது எல்லை. நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய பாதிதான் நவீன முறையில் அளக்கப்பட்டிருக்கிறது. மலைக் கிராமங்களில் நூறாண்டு கடந்த மெய்ஜி காலத்து வரைபடமே இன்றும் ஆதாரம். பக்கத்து நிலத்துக்காரர் யாரென்றே தெரியாத நிலையும் சாதாரணம். உரிமையாளரைக் கண்டறிய முடியாத நிலத்தின் மொத்தப் பரப்பு கியூஷு தீவைவிடப் பெரியது என்று 2017-இல் ஒரு மதிப்பீடு சொன்னது. நகரத் திட்டமிடல் எல்லைக்குள் இருக்கும் மனையானால் இன்னொரு கேள்வி: நான்கு மீட்டர் அகலமுள்ள சாலையை அது குறைந்தது இரண்டு மீட்டராவது தொடுகிறதா? தொடாவிட்டால் வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட முடியாது.

வீட்டின் உடல்நிலையைச் சொல்லும் முதல் தகவல் ஓர் ஆண்டு: 1981. அந்த ஜூனில் நிலநடுக்கக் கட்டுமான விதிகள் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முந்திய வீடு என்றால் வலுப்படுத்தும் செலவை ஒதுக்கியே ஆக வேண்டும். இன்னும் பழைய வீடுகள் அடித்தளத்தில் பிணைக்கப்படாமல், வரிசைக் கற்களின் மேல் தூண்களை நிறுத்திக் கட்டப்பட்டவை. புல்வேய்ந்த கூரை பல வீடுகளில் தகரத்துக்கு அடியில் மறைந்திருக்கும். நடுக்கூடத்து அடுப்பின் புகை நாள்தோறும் ஏறியவரை அந்தப் புல்லையும் உத்தரங்களையும் பூச்சி அண்டவில்லை. அடுப்பு அணைந்த பிறகு ஈரமும் கரையானும் வேகமாக வேலை செய்கின்றன. சாக்கடை இணைப்பு இல்லாத ஊர்களில் ஒன்று தனித் தொட்டி, அல்லது வண்டி வந்து உறிஞ்சி எடுக்கும் குழிக் கழிப்பறை. சுவர்களில் குளிர்காப்பு கிடையாது. ஜனவரியில் வீட்டுக்குள்ளேயே மூச்சு ஆவியாகத் தெரியும். நீகாத்தா போன்ற பனி மாகாணங்களில் கூரைப் பனியைத் தள்ளாவிட்டால் உத்தரம் முறியும். தள்ள ஏறிய முதியவர்கள் விழுந்து இறப்பது ஒவ்வொரு குளிர்காலத்திலும் வரும் செய்தி.

ஊரின் பங்கு

குடியேறி 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அது அரசுக்கு. ஊருக்கு வேறு பதிவு உண்டு: ஒரு துண்டோ இனிப்போ எடுத்துக்கொண்டு, எதிர்வீடு, இரண்டு பக்கத்து வீடுகள், ஊர்த் தலைவர் வீடு என்று படியேறி அறிமுகம் செய்துகொள்வது. இதைச் செய்தவருக்கு அடுத்த நாளே வாசலில் முள்ளங்கியும் வெங்காயத்தாளும் வந்திருக்கும். செய்யாதவரை யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் ஊர் அதைக் கவனித்திருக்கும்.

கிராம வாழ்வின் அச்சு குடியிருப்போர் சங்கம். சட்டப்படி அரசு அமைப்பு அல்ல. நடைமுறையில் அரசின் கடைசிக் கை அதுதான். தெருவிளக்கு, குப்பை வைக்கும் கூண்டு, பேரிடர் ஒத்திகை, தனியே வாழும் முதியோரை விசாரிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. அறிவிப்புகள் ஓர் அட்டையில் செருகப்பட்டு வீடு வீடாகச் சுற்றுகின்றன. படித்து முத்திரையிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். கைப்பேசிக் காலத்திலும் இது தொடர்வதற்கு நல்ல காரணம் உண்டு: அட்டை கைமாறும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி நலமாக இருக்கிறாரா என்பதும் தெரிந்துவிடுகிறது. குப்பை விதிகள் நுணுக்கமானவை. எரிவது, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில், டின் என்று பிரித்து, அதற்குரிய நாளில், அதற்குரிய பையில், காலைக்குள் வைக்க வேண்டும். சில ஊர்களில் பைமேல் வீட்டுக்காரர் பெயரையும் எழுத வேண்டும். புதியவர் மீது வரும் முதல் முறையீடு பெரும்பாலும் இங்கிருந்துதான்.

வசந்தத்தில் நாற்று நடுவதற்கு முன்பு ஊரே இறங்கி வாய்க்காலைத் தூர்வாரும். தமிழ்நாட்டில் குடிமராமத்து எப்படி வீட்டுக்கு ஓர் ஆள் என்று நடந்ததோ, அதே கணக்குத்தான் இங்கும். வயல் இல்லாதவரும் வர வேண்டும். அதே நீரோட்டம்தான் மழைக்காலத்தில் அவர் வீட்டையும் காக்கிறது. வராதவரிடம் பணம் வாங்கும் ஊர்கள் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டு வீட்டிலிருக்கும் வசதி, நகரத்திலிருந்து வந்தவருக்கு ஈர்ப்பாக இருக்கும். ஆனால் எழுபது வயதுக்காரர் மண்வெட்டியோடு நிற்கும் இடத்தில் முப்பது வயதுக்காரரின் பணத்துக்கு என்ன மதிப்பு? கோடையில் பாதையோரப் புல்வெட்டும் நாட்களும் இப்படித்தான். புல் வளர்ந்தால் காட்டுப்பன்றி மறைந்து வரும். இலையுதிர் காலத்தில் பறிக்காமல் விட்ட சீமைப்பனிச்சைப் பழத்துக்குக் கரடி இறங்கும். 2023 நிதியாண்டில் ஜப்பானில் கரடி தாக்கியவர்கள் இருநூறு பேருக்கு மேல். ஆறு பேர் இறந்தார்கள். தோட்டத்தை இயற்கையாக விடுவது புதியவரின் அழகுணர்ச்சியாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

தீயணைப்பும் ஊர்க்காரர்கள் கையில்தான் இருக்கிறது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் 20 லட்சம் பேர் இருந்த தன்னார்வத் தீயணைப்புப் படையின் பலம் 2022-இல் 8 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. மலைக் கிராமத்துக்கு நகராட்சி வண்டி வந்து சேரும்வரை பம்பை இயக்குவது இவர்கள்தான். உடல்வலு உள்ள புதியவரை முதல் வாரத்திலேயே படைக்கு அழைப்பது இதனால்தான்.

இந்தக் கூட்டு உழைப்பின் உச்சத்தை ஷிராக்காவா கிராமத்தில் பார்க்கலாம். 1995-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்த ஊரின் செங்குத்தான புல்கூரைகளை, நூறு இருநூறு பேர் ஒரே நேரத்தில் ஏறி ஓரிரு நாளில் மாற்றிவிடுவார்கள். இன்று உன் கூரை, நாளை என் கூரை என்பது ஏற்பாடு. இந்தக் கணக்கில் ஒரு வீடு பூட்டப்பட்டால் மற்றவர் தோளில் ஒரு வீட்டுச் சுமை கூடுகிறது. புதுக் குடியை ஊர் ஆவலோடும் பதற்றத்தோடும் பார்ப்பது இதனால்தான்.

உரசல்கள்

எல்லாம் இணக்கமாக முடிவதில்லை. 2023 தொடக்கத்தில் புக்குயி மாகாணத்தின் இக்கேதா என்ற சிற்றூர், குடியேற நினைப்பவர்களுக்கு ஏழு அறிவுரைகளைத் தன் செய்தி மடலில் வெளியிட்டது. நகரத்து வழக்கங்களைத் திணிக்க வேண்டாம், ஊர் உங்களை எடைபோட்டுப் பார்க்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள் என்ற வரிகள் நாடெங்கும் கண்டனத்தைக் கிளப்பின. தொனி கடுமைதான். ஆனாலும் வாயால் சொல்லாமல் மனதில் வைத்து விலக்குவதைவிட, முன்கூட்டியே எழுதிச் சொன்னது நேர்மை.

சட்டம் தனிமனிதர் பக்கம் நிற்கிறது. குடியிருப்போர் சங்கத்திலிருந்து உறுப்பினர் விரும்பும்போது விலகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. சங்கச் சந்தாவோடு ஷின்தோ கோயில் செலவையும் சேர்த்து வசூலிப்பது வழிபாட்டுச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று சாகா மாவட்ட நீதிமன்றம் 2002-இல் சொன்னது. வேறு மதத்தைச் சேர்ந்த புதியவருக்கு இது முக்கியமான பாதுகாப்பு. ஊர் ஒதுக்கிவைப்பதும் வழக்காகியிருக்கிறது. ஒயிட்டா மாகாணத்தில் சொந்த ஊருக்கே திரும்பி வந்த ஒருவரை ஊர் விலக்கிவைத்ததற்காக, முன்னாள் ஊர்த் தலைவர்கள் இழப்பீடு தர வேண்டும் என்று 2021 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மண்ணில் பிறந்தவருக்கே அந்த நிலை.

ஆயினும் நீதிமன்றம் வாங்கித் தரும் உரிமையால் மார்கழிப் பனியில் பாதை திறக்காது. அந்தப் பாதையில் பனி தள்ளும் இயந்திரத்தை ஓட்டுபவர் பக்கத்து வீட்டுக்காரர். சங்கத்தில் சேர்ந்து, முடியாததை முகத்துக்கு நேரே, காரணத்தோடு சொல்லிக் கேட்பதே நடைமுறைக்கு உகந்த வழி. வழிபாட்டில் பங்குகொள்ள முடியாதவர் திருவிழாவன்று மேசை நாற்காலி தூக்கலாம். அந்த உதவியை எந்த ஊரும் மறுப்பதில்லை.

நிலைத்தவர்கள்

அமெரிக்கரான அலெக்ஸ் கெர் 1973-இல், மாணவராக இருந்தபோதே, தோக்குஷிமா மாகாணத்தின் இயா பள்ளத்தாக்கில் சுமார் முந்நூறு ஆண்டுப் பழமையான புல்வேய்ந்த வீடு ஒன்றை வாங்கினார். விலை 3 லட்சத்து 80 ஆயிரம் யென். அதுவும் நிலத்துக்குத்தான்; வீட்டுக்கு விலையே போடவில்லை. சியோரி என்று பெயரிட்ட அந்த வீட்டைப் பல பத்தாண்டுகளாக, பலருடைய உழைப்போடு செப்பனிட்டு, பின்னர் அதே பள்ளத்தாக்கின் மற்றப் பழைய வீடுகளும் விருந்தினர் தங்கும் இடங்களாக மாற வழிகாட்டினார். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் கார்ல் பெங்ஸ் 1993-இல் நீகாத்தாவின் மலைச் சிற்றூரான தாக்கேதோக்கோரோவில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். உத்தரங்களையும் தூண்களையும் காப்பாற்றி, உள்ளே ஜெர்மானிய முறையில் குளிர்காப்பும் இரட்டைக் கண்ணாடியும் பொருத்தினார். பிறகு அதே ஊரில் இன்னும் பல வீடுகளைச் செப்பனிட்டார். வெளியூர்க் குடும்பங்கள் அவற்றில் குடியேறின. இருவரும் சாதித்ததற்கு அவர்களின் திறமை ஒரு காரணம். மொழியைக் கற்று, ஊரோடு பல்லாண்டு இருந்தது அதைவிடப் பெரிய காரணம்.

எல்லாருக்கும் அந்த உறுதி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்காகவே பல நகராட்சிகள் சில நாள் முதல் சில மாதம் வரை குறைந்த வாடகைக்கு முன்னோட்ட வீடுகளைத் தருகின்றன. அங்கே தங்கிப் பார்ப்பதற்குச் சிறந்த காலம் பிப்ரவரி. செர்ரி பூக்கும் ஏப்ரலில் எந்த ஊரும் அழகு. மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம், பள்ளி இன்னும் மூடப்படாமல் இருக்கிறதா, கார் ஓட்டாமல் அரிசி வாங்க முடியுமா என்பதெல்லாம் குளிர்காலத்தில்தான் தெளிவாகும்.

வெளியேறும் வழியையும் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். இருபது ஆண்டு யாரும் வாங்காத வீட்டை அடுத்து வாங்கவும் எளிதில் ஆள் வராது. சொத்துவரி ஆண்டுதோறும் வரும். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால் அதைக் கட்ட ஜப்பானில் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். வேண்டாத நிலத்தை அரசிடமே ஒப்படைக்கும் ஏற்பாடு 2023 ஏப்ரலில் வந்தது. ஆனால் அது வாரிசாக நிலம் பெற்றவருக்கு மட்டும். அவரும் வீட்டை இடித்து அகற்றி, கட்டணம் செலுத்திய பிறகுதான் கொடுக்க முடியும். விலை கொடுத்து வாங்கியவருக்கு அந்தக் கதவு இல்லை. அவர் காலத்துக்குப் பின் வீடு பிள்ளைகளுக்குப் போகும். அவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஜப்பானில் உள்ள சொத்துக்கு அந்நாட்டு வாரிசு வரிச் சட்டமும், மூன்றாண்டுப் பதிவுக் கெடுவும் பொருந்தும். ஆகவே வாங்கும்போதே பிள்ளைகளிடம் பேசி, உயில் எழுதி, பத்திரங்கள் எங்கே இருக்கின்றன, ஊரில் யாரைக் கேட்க வேண்டும் என்று குறித்து வைப்பது வாங்கும் வேலையின் ஒரு பகுதி.